மால்வர்ன் ஹில்ஸ்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷையர் கவுண்டியில், மேற்கு எல்லையை ஒட்டியுள்ள கிராமப்புற மாவட்டம். 1974-இல் உருவாகி, 1998-இல் எல்லை மாற்றியமைக்கப்பட்டது. டென்பரி வெல்ஸ், செவர்ன் ஆற்றங்கரையிலுள்ள அப்டன் ஆகிய சிறுநகரங்கள் இதில் அடங்கும். இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கார் 1857-இல் பிறந்த லோயர் பிராட்ஹீத்தும் இங்கேதான் உள்ளது. மாவட்டத்தின் மிக உயர்ந்த சிகரமான வூஸ்டர்ஷையர் பீக்கனின் உயரம் 425 மீட்டர்.

மாவட்டத் தலைமையிடமான மால்வர்ன் நகருக்குப் புகழ் தேடித்தந்தது அதன் ஊற்றுநீர். பழம்பாறைகளின் வெடிப்புகளில் கசிந்து வரும் இந்நீரில் தாதுக்கள் மிகக் குறைவு. 18-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் ஜான் வால் சிறப்பித்துச் சொன்னதும் அந்தத் தூய்மையைத்தான். 1842-இல் மருத்துவர்கள் ஜேம்ஸ் வில்சனும் ஜேம்ஸ் கல்லியும் இங்கு நீர்ச்சிகிச்சையைத் தொடங்கினர். நோயாளிகளை விடியற்காலையில் எழுப்பி, ஈரத் துணியில் இறுகச் சுற்றிக் கிடத்தினார்கள். பிறகு அவர்கள் மலையேறி, செயின்ட் ஆன் ஊற்றில் நீர் அருந்த வேண்டியிருந்தது. 1849-இல் சார்லஸ் டார்வின் இங்கு வந்து உடல் தேறினார். அந்த நம்பிக்கையில் 1851-இல் அழைத்துவந்த பத்து வயது மகள் ஆனி பிழைக்கவில்லை. அவள் கல்லறை பிரையரி தேவாலய வளாகத்தில் உள்ளது. 

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பிரிட்டனின் ரேடார் ஆய்வு நிலையம் மால்வர்னுக்கு மாற்றப்பட்டது.