கோழிகிட்ட யாராவது கேட்டீங்களா?

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். யூசரைக் கேட்காமல் மீட்டிங் ரூமிலேயே எல்லாத்தையும் முடிவு பண்ணினா என்ன ஆகும்னு எங்க துறையில் எல்லாருக்கும் தெரியும். இன்றைய கதையில் அந்த யூசர், ஒரு கோழி.

1964இல் பிரிட்டனில் ரூத் ஹாரிசன் 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். பண்ணைகள் எப்படித் தொழிற்சாலைகளாக மாறிவிட்டன, கூண்டுக்குள் கோழிகள் எப்படி அடைபட்டுக் கிடக்கின்றன என்று அதில் விவரித்தார். மக்கள் கொதித்துப் போனார்கள். அரசாங்கம் விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழு போட்டது. 1965இல் வந்த அதன் அறிக்கையில் ஒரு பரிந்துரை: கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை வேண்டாம், தடிமனான கம்பி போடுங்கள். மெல்லிய கம்பி காலை உறுத்தும் இல்லையா? கேட்க நியாயமாத்தான் இருக்கு.

1973இல் எடின்பரோவில் ஹியூஸ், பிளாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முடிவைக் கோழியிடமே விட்டார்கள். வேறு வேறு தரைகளைக் கொடுத்து, எதில் அதிக நேரம் நிற்கிறது என்று பார்த்தார்கள். கோழிகளுக்குப் பிடித்தது, குழு வேண்டாம் என்று சொன்ன அதே மெல்லிய வலை! அது பாதத்தை அதிக இடங்களில் தாங்குகிறது.

ஆனா ஒண்ணு. இரண்டு கம்பித் தரையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால், கோழிக்குக் கூண்டு பிடிச்சிருக்குன்னு அர்த்தமில்லை. அதனால் அடுத்த கேள்வி இன்னும் ஆழமானது: அதுக்கு வலிக்குதா?

பிராய்லர் கோழி சுமார் ஆறு வாரத்தில் கறிக்குத் தயாராகும் அளவுக்கு வேகமாக எடை கூடுகிறது. அந்த எடையைத் தாங்க முடியாமல் பல கோழிகள் நொண்டும். அது வலியா, இல்லை நடையே அப்படித்தானா? 2000இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வேறு வேறு நிறத்தில் இரண்டு தீவனம். ஒன்றில் மட்டும் கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்து. நன்றாக நடக்கிற கோழிகளைவிட, நொண்டுகிற கோழிகள் மருந்து கலந்த தீவனத்தை அதிகம் தின்றன. நொண்டல் கூடக் கூட, தின்ற மருந்தின் அளவும் கூடியது.

பேச முடியாத ஒரு உயிர், "எனக்கு வலிக்குது"ன்னு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்லும்?

முட்டைக்கோழிகளின் பழைய வெறுங்கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடை செய்தது. வேகமாக வளரும் பிராய்லர் இனங்கள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு, நம்ம பிரியாணித் தட்டு வரைக்கும். சாப்பிடாதீங்கன்னு நான் சொல்லலை. ஆனா கோழி பதில் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கொஞ்சம் மெதுவா வளர்ற கோழிக்கு நாம எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கத் தயார்? யோசிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.