கருவிக்கு முன் கணக்கு

இன்று எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை சுருளில் பதிவதில்லை. சிலிக்கான் தகட்டில் பதிகின்றன. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர் உருவாக்கிய 'சிசிடி' என்னும் உணரியே இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தது. தொலைநோக்கி முதல் மருத்துவமனையின் ஊடுகதிர்க் கருவி வரை அதன் வழித்தோன்றல்கள் பரவியுள்ளன.

ஒளித்துகள் ஒன்று சிலிக்கானில் விழுந்தால் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது படப்புள்ளி எனப்படும் சிறு கட்டத்தில் சேர்கிறது. பின்னர் அளவிடப்பட்டு எண்ணாக மாறுகிறது. இவ்வாறு திரண்ட எண்களின் தொகுப்பே படம். ஆனால், ஒவ்வொரு படியிலும் பிழை புகுகிறது. ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் தோன்றுகின்றன. விண்கதிர்கள் பொய்யான கீற்றுகளை வரைகின்றன. அளவிடும் மின்சுற்றும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது.

கையில் இருக்கும் கேமராவில் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். விண்வெளியில் அது இயலாது. 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கிக்கு விண்வெளி வீரர்கள் 5 முறை நேரில் சென்று பழுது நீக்க முடிந்தது; அது புவிக்கு அருகில் சுற்றுகிறது. 2013-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய 'கையா' விண்கலமோ 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிறுத்தப்பட்டது. அதில் 106 சிசிடி உணரிகள், ஏறத்தாழ 100 கோடி படப்புள்ளிகள் இருந்தன. சூரியனிலிருந்து வரும் துகள்கள் சிலிக்கானின் அணுக் கட்டமைப்பைச் சிதைக்கும்போது அதில் சிறு பொறிகள் உண்டாகின்றன. எலக்ட்ரான்கள் அவற்றில் சிக்கித் தாமதமாக வெளியேறுவதால் விண்மீனின் உருவம் ஒரு பக்கமாக இழுபடுகிறது. விண்மீன்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக அளப்பதே கையாவின் பணி என்பதால், இந்தச் சிறு இழுவை அதன் அடிப்படை நோக்கத்தையே பாதிக்கும்.

எனவே, கருவியைச் செய்வதற்கு முன்பே அது எப்படிப் பிழை செய்யும் என்று கணக்கிட வேண்டியுள்ளது. உணரிகளின் செயலைக் கணினியில் உருவகப்படுத்தும் மென்பொருள்களின் தேவை இங்குதான் எழுகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஐரோப்பிய தெற்கு வானாய்வகமும் இணைந்து வளர்த்துவரும் 'பிக்ஸெல்' அத்தகையது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இதில், ஒளி சேர்வது, மின்னூட்டம் உருவாவது, அது திரள்வது, இடம் மாறுவது, அளவிடப்படுவது, எண்ணாவது என ஒவ்வொரு படிக்கும் தனித்தனி மாதிரிகள் உள்ளன. வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, எந்தக் குறை எவ்வளவு கெடுக்கிறது என்று பிரித்தறியலாம்.

மருத்துவத்திலும் இதே நிலைதான். செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்ட பன்னாட்டுக் கூட்டுழைப்பில் 1998-இல் வெளியான 'ஜியான்ட்-4', பொருள்களின் ஊடே துகள்கள் செல்லும் பாதையைக் கணக்கிடுகிறது. அதன்மீது எழுப்பப்பட்ட 'கேட்' என்னும் மென்பொருள் 2004 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ளது. 'பெட்' ஸ்கேன் கருவிகளின் வடிவமைப்பை நோயாளி எவரையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் சோதிக்க அது உதவுகிறது.

இவை அனைத்தும் திறந்த மூல மென்பொருள்கள் என்பதே கவனிக்கத்தக்கது. இவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இது வெறும் தாராளம் அன்று, அறிவியலின் தேவை. ஒரு முடிவு கணக்கீட்டைச் சார்ந்திருக்கும்போது, அந்தக் கணக்கீடு மூடிய பெட்டிக்குள் இருந்தால் முடிவை எவரும் சரிபார்க்க இயலாது. ஒருவர் உழைப்பு அடுத்தவருக்கு அடித்தளமாகவும் அமைகிறது. ஹப்பிள் படங்களில் உள்ள இழுவையைத் திருத்த எழுதப்பட்ட 'ஆர்க்டிக்' என்னும் நிரல், இன்று பிக்ஸெலுக்குள் ஒரு மாதிரியாகப் பயன்படுகிறது.

பொருளியலில் இத்தகைய பொருளைப் பொதுப் பண்டம் என்கிறோம். ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பண்டத்தைச் சந்தை போதிய அளவில் வழங்காது என்பதை 1954-இல் பால் சாமுவேல்சன் கோட்பாடாக நிறுவினார். விலை இல்லை என்பதால் செலவும் இல்லை என்று பொருளாகாது. கணினி மொழிகள் மாறுகின்றன; புதிய உணரிகள் வருகின்றன; கண்டறியப்பட்ட பிழைகளை யாரோ உட்கார்ந்து திருத்த வேண்டும். பயன்படுத்துவோர் பலராகவும் பராமரிப்போர் சிலராகவும் இருக்கும்போது, அந்தச் சிலர் விலகினால் அனைவரும் இழப்பர்.

பாயிலும் ஸ்மித்தும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அதே 2009-இல், பொருளியல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் எலினார் ஆஸ்ட்ரம். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதிகள் வகுத்துக் காக்க முடியும் என்று அவர் காட்டினார். மேய்ச்சல் நிலம் மிகையான பயன்பாட்டால் அழியும். மென்பொருள் பராமரிப்பின்மையால் அழியும். இரண்டுக்கும் தேவை பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு.

2017 முதல் செர்ன் அமைப்பில் இணை உறுப்பினராக உள்ள இந்தியா, இதில் பயனாளியாக மட்டுமே நின்றுவிடக் கூடாது. விலையுயர்ந்த உணரியை வாங்க இயலாத கல்லூரியிலும் ஒரு மாணவர் மடிக்கணினியில் அதன் இயல்பைப் பயிலலாம்; பிழையைக் கண்டால் திருத்தி அனுப்பலாம். அந்தப் பங்களிப்பை ஆய்வேட்டுக்கு இணையாக மதிக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும். ஆய்வுக் கருவிகளுக்கு நிதி ஒதுக்கும்போது மென்பொருள் பராமரிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது அவசியம்.

உருவகக் கணக்கீடு ஒருபோதும் அளவீட்டுக்கு மாற்றாகாது. ஆய்வகத்தில் உண்மையான உணரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பிறகே அதை நம்ப முடியும். அந்தச் சரிபார்ப்பை எவரும் செய்வதற்கு இடமளிப்பதுதான் திறந்த நிரலின் உண்மையான மதிப்பு. அதை வாடாமல் காப்பதற்கு ஆகும் செலவு, விண்ணில் சரிசெய்ய முடியாத ஒரு பிழைக்கு நாம் கொடுக்க நேரும் விலையைவிட மிகக் குறைவே.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).