கூரையிலிருந்து விழுந்த ஓடு

ராணுவ வீரன், ஒரு சதி, ஒரு காதல், நடுவில் கடவுள் நம்பிக்கை. இப்படிப்பட்ட நாவல்கள் இன்னைக்கு அமெரிக்காவில் தனி வகையாகவே விற்கின்றன. இவற்றுக்கெல்லாம் தாத்தா என்று நான் நினைப்பது 1880-ல் வந்த ‘பென்ஹர்’. படத்தைப் பார்த்தவர்களுக்கு ரதப் பந்தயம்தான் ஞாபகம் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதை எழுதியவர் ஒரு ஜெனரல் என்று தெரியும்வரை.

அவர் பெயர் லூ வாலஸ். இந்தியானாக்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் மேஜர் ஜெனரல். 1862 ஏப்ரல் 6 அன்று ஷைலோவில் சண்டை தொடங்கியபோது அவருடைய டிவிஷன் சில மைல் தள்ளி நின்றது. கிளம்பி வரச் சொல்லி கிராண்ட்டிடமிருந்து உத்தரவு வந்தது. எந்தப் பாதையில் என்பதில்தான் குழப்பம். வாலஸ் பிடித்த பாதை, நம்ம படை காலையில் இருந்த இடத்துக்குப் போவது. அதற்குள் அந்தப் படை பின்வாங்கிவிட்டது. திரும்பி வேறு வழியாக வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. அன்றைய சண்டையும் முடிந்துபோச்சு. இரண்டு நாளில் இரு தரப்பிலும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்டோர் மாண்டும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். பழியில் பெரும் பங்கு வாலஸ் தலையில் விழுந்தது.

1864 ஜூலையில் மோனோகசியில் அவர் தோற்றார். ஆனால் எதிரியை ஒரு நாள் தடுத்து நிறுத்தியதில் வாஷிங்டன் தப்பித்தது. அதுக்கப்புறமும் ஷைலோ பேச்சு ஓயவில்லை.

1876-ல் ஒரு ரயில் பயணத்தில் நாத்திகப் பேச்சாளர் ராபர்ட் இங்கர்சாலைச் சந்தித்தார். அவரும் ஷைலோவில் சண்டை போட்டவர்தான். கடவுள், கிறிஸ்து என்று அவர் பேசப் பேச, தனக்கு இதில் ஒன்றுமே தெரியலையே என்று வாலஸுக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று ஞானிகளைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கதை பெரிய நாவலாக வளர்ந்தது. நியூ மெக்சிகோ ஆளுநராக சாண்டா ஃபேயில் இருந்தபோது, ராத்திரிகளில் உட்கார்ந்து எழுதி முடித்தார்.

இப்போ கதைக்கு வாங்க. யூதா பென்ஹர் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறான். கை பட்டு ஓடு ஒன்று பெயர்ந்து ரோமானிய ஆளுநர் தலையில் விழுகிறது. வெறும் விபத்து, தீர்ப்போ கொலை முயற்சி. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ஷைலோவின் அந்தப் பாதைதான் கண்முன் வந்தது. இது என் வாசிப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் பழிவாங்கல். அழகி ஐராஸ் எதிரிக்கு உளவு சொல்கிறாள். எஸ்தர் அமைதியாகக் காத்திருந்து மனைவியாகிறாள். வரப்போகும் ராஜாவுக்காக பென்ஹர் கலிலேயாவில் மூன்று படையணிகளைத் திரட்டுகிறான். அந்த ராஜாவோ படை கேட்கவே இல்லை, சிலுவைக்குப் போகிறார். திரட்டிய படை சும்மா நிற்கிறது. ஒரு ஜெனரல் எழுதிய முடிவு இது, யோசிச்சுப் பாருங்க.

1885-ல், சாகும் தறுவாயில் தன் நினைவுக் குறிப்புகளை எழுதிய கிராண்ட், கைக்கு வந்த ஒரு பழைய கடிதத்தைப் பார்த்து வாலஸ் மீதான குற்றச்சாட்டைத் தளர்த்தினார். மூலப் பகுதியை மாற்றவில்லை, கீழே ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தார். பென்ஹருக்குக் கதையில் எல்லாம் திரும்பக் கிடைத்தது. அவனைப் படைத்தவருக்கு 23 வருஷம் கழித்துக் கிடைத்தது ஒரு அடிக்குறிப்பு.