களப்புச் சேறும் வரலாற்றுச் சான்றும்

ஒரு நாட்டின் பழைமையை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவன ஏடுகளும் கல்வெட்டுகளும் கட்டிட எச்சங்களுமேயாம். மட்டக்களப்பிலும் இவ்வழியிற் கிடைத்தவை சிலவல்ல. கதிரவெளியிலுள்ள பெருங்கற்காலச் சின்னங்கள் மிக முந்திய குடியிருப்புக்குச் சான்று பகர்கின்றன. 1962ஆம் ஆண்டில் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, 1964இல் வித்துவான் வி. சீ. கந்தையா வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய நூல்கள் மரபுச் செய்திகளைத் தொகுத்துத் தந்துள்ளன. ஆயினும், அந்நிலத்தில் முதன்முதல் நெல் விதைக்கப்படுமுன் அங்கு எம்மரங்கள் நின்றன, மழை எவ்வளவு பெய்தது, கடல் எதுவரை ஏறி நின்றது என்னும் வினாக்களுக்கு இவை விடை கூறா. அவ்விடை நீர் வற்றாத சேற்றிலே படிந்து கிடக்கின்றது.

இறந்த மரஞ்செடிகள் நிலத்தில் விழுந்தால், பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் காற்றிலுள்ள ஒட்சிசன் துணைகொண்டு அவற்றைச் சில ஆண்டுகளில் மட்கச் செய்துவிடும். ஆனால், நீர் தேங்கி நிற்கும் இடத்தில் ஒட்சிசன் ஊடுருவுதல் அரிது. அங்கு மட்குதல் தளர்ந்துவிட, ஆண்டுதோறும் சேரும் தாவரப் பொருள் அழியும் பொருளினும் மிகுகின்றது. அவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்ந்து கருமை பெறும் படிவே முற்றா நிலக்கரி எனப்படுவது. அது மேலும் புதையுண்டு, நெடுங்காலம் அழுத்தமும் வெப்பமும் பெறுமாயின் பழுப்பு நிலக்கரியாகவும் பின்னர் நிலக்கரியாகவும் மாறக்கூடும். அது வளரும் வேகம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவினது. பலவிடங்களில் அதனினும் குறைவு. ஆதலின், ஒரு மீற்றர் ஆழத்தில் ஆயிரம் ஆண்டு வரலாறு அடங்குதல் கூடும்.

தோற்றத்தால் இது பலவகைப்படும். மழைநீர் ஒன்றையே நம்பி வளரும் சதுப்பு ஒரு வகை; குளிர்நாடுகளில் இசுபக்னம் என்னும் பாசியால் ஆகும் இப்படிவு அமிலத்தன்மை மிக்கது. நிலத்தடி நீரும் ஆற்றுநீரும் ஊட்ட, நாணலும் கோரையும் மண்டி உண்டாவது இரண்டாம் வகை. சுமாத்திரா, போர்ணியோ ஆகிய தீவுகளிற் காணப்படுவதுபோல, வெப்பநாட்டுச் சதுப்புக் காடுகளின் வேரும் அடிமரமும் திரண்டு ஆவது மூன்றாவது. கடலோரத்தில் உவர்நீரிடையே கண்டல் மரங்களின் நுண்வேர்கள் சேற்றோடு பின்னி உண்டாக்குவது நான்காவது.

மட்கிய அளவால் நார்நிலை, இடைநிலை, முற்றும் மட்கிய நிலை என மூவகையாகவும் இதனைப் பிரிப்பர். சுவீடன் நாட்டு அறிஞர் லெனாட் வொன் போஸ்ற் இதனைப் பத்துப் படிகளாக வகுத்தார். அவர் முறைக்குக் கருவி வேண்டியதில்லை. ஈரமான படிவை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தாற் போதும். தெளிந்த நீர் மட்டும் வடியுமாயின் அது முதற்படி. கைப்பொருள் முழுவதும் கூழாகி விரலிடுக்கால் வெளியேறுமாயின் அது பத்தாம்படி.

அவ்வறிஞரே 1916இல், இப்படிவுகளிற் புதைந்த மகரந்தத் துகள்களை எண்ணிப் பண்டைக் காடுகளின் வரலாற்றைக் காணும் முறையை விளக்கினார். மகரந்தத்தின் வெளியுறை ஒட்சிசன் அற்ற சேற்றில் பல்லாயிரம் ஆண்டு அழியாதிருக்கும். 1949இல் அமெரிக்க அறிஞர் வில்லாட் லிபி காபன்-14 முறையைக் கண்டபின், ஒவ்வோர் அடுக்கின் காலத்தையும் கணித்தல் இயல்வதாயிற்று. 1950ஆம் ஆண்டு டென்மார்க்கிலுள்ள ரொலுண்ட் சதுப்பிற் கண்டெடுக்கப்பட்ட மனிதவுடல் ஏறத்தாழ 2400 ஆண்டுப் பழைமையது. அதன் முகத்தோற்றம் குலையாதிருந்தமையால், அண்மையிற் கொலையுண்டவன் என்று மக்கள் முதலிற் கருதினர்.

தமிழர் வாழும் நிலங்களுக்கு அண்மையிலும் இத்தகைய ஏடுகள் உள. நீலகிரி மலைச் சதுப்புகளின் காபனை ஆராய்ந்து, 20,000 ஆண்டுக்கால மழைமாற்றங்களை 1993இல் இந்திய அறிஞர் வெளியிட்டனர். பனியூழியின் உச்சத்திற் பருவமழை தளர, அங்குப் புல்வெளி பரந்தமை அதனாற் புலனாயிற்று. ஈழத்தின் ஓட்டன் சமவெளிப் படிவும் அவ்வாறே 24,000 ஆண்டுக்காலப் பருவமழை வரலாற்றைக் கூறியுள்ளது. தாழ்நிலத்திற் பேர்பெற்றது கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராசவெலச் சதுப்பாகும். 3000 எக்டேயருக்கு மேற்பட்ட அது, ஏறத்தாழ 7000 ஆண்டுகளாக உருவானது என்பது ஆய்வாளர் கணிப்பு.

மட்டக்களப்பு வாவியின் நிலை வேறு. கிழக்குக் கரையில் நீண்ட கோடையுண்டு; நிலம் வெடிக்குமளவிற்குக் காயும். ஆதலால், ஈரவலயத்திற் போன்று பரந்த, தூய முற்றா நிலக்கரிப் படிவு இங்குத் தோன்றுதற்குச் சூழல் இடந்தராது. எனினும், கடல்நீர் கோடையிலும் எட்டும் கண்டற் காட்டின் அடியில் வேர்நாரும் இலையும் கலந்த கருஞ்சேறு படிகின்றது. அது முன்கூறிய நான்காம் வகையோடு உறவுடையது. பனியூழிக்குப் பின் உயர்ந்துவந்த கடல், 6000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் இன்றைய மட்டத்தை அணுகிற்று. அலை ஒதுக்கிய மணல் திடராகி எழுவான்கரை ஆயிற்று. அதற்கும் படுவான்கரைக்கும் இடையில், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு வாவி அகப்பட்டது. மாரிவெள்ளம் படுவான்கரை மண்ணைக் கொணர்கின்றது. முகத்துவாரத்தாற் கடல் உவரைக் கொணர்கின்றது. இருதிறத்துச் செய்தியும் ஒரே சேற்றிற் படிகின்றன. மட்டக்களப்பு என்னும் பெயருக்கு ‘சேற்றுக் களப்பு’ என்று ஒரு சாராரும், ‘ஆழங் குறைந்த களப்பு’ என்று ஒரு சாராரும் பொருளுரைப்பர். இரண்டும் வாவியின் இயல்புக்கு ஒத்தனவே.

இச்சேறு தரவல்ல செய்தி எத்தகையது என்பதை அம்பாந்தோட்டைக் கரகன் களப்பு காட்டியுள்ளது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலைக்கு முன்னரும் அத்தகைய அலைகள் பன்முறை வந்தமை, ஏறத்தாழ 7000 ஆண்டுக்காலச் சேற்றிடையே கிடந்த மணலடுக்குகளால் அங்கு அறியப்பட்டது. எந்த நூலும் பதிவு செய்யாத செய்தி அது. அதே பேரலையில் எண்ணற்ற உயிர்களை இழந்த மட்டக்களப்புக் கரைக்கு, இவ்வறிவு வெறும் புலமைப் பொருளன்று.

இவ்வேடு நனைந்திருக்கும் வரையே நிலைக்கும். 1602இல் ஸ்பில்பேர்கனோடு மட்டக்களப்புக் கரை சேர்ந்து, 1638இற் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாயகத்தில் முற்றா நிலக்கரியை விறகாக வெட்டி எரித்தவர்கள். நீர் வடிக்கப்பட்ட அந்நாட்டு நிலங்கள் காய்ந்து மட்கி, கடல்மட்டத்திற்குக் கீழே தாழ்ந்தன. கண்டற்சேற்றுக்கு மற்றுமோர் ஆபத்துண்டு. கடல்நீரின் சல்பேற்று, காற்றில்லாச் சேற்றில் இரும்புச் சல்பைட்டாகத் தங்கியிருக்கும். நிலத்தை வெட்டி உலர்த்தினால் அது ஒட்சிசனோடு கூடிக் கந்தக அமிலமாகும்; பயிரும் மீனும் அங்குத் தழையா. 1978ஆம் ஆண்டுக் கார்த்திகைச் சூறாவளி, போர்க்கால வெட்டு, குடியிருப்புக்கான மண்ணிரப்பல் என்பனவற்றால் வாவிக்கரைக் கண்டற்காடு பெரிதும் குறைந்துள்ளது. மரம் மீண்டும் நடப்படலாம்; காய்ந்தழிந்த அடுக்கை மீண்டும் படைத்தல் எவராலும் இயலாது.

ஓலைச்சுவடிகள் செல்லுக்கு இரையாகுமுன் அவற்றைத் தேடித் தொகுத்த அறிஞர்களை மட்டக்களப்பு நன்றியுடன் நினைவுகூருகின்றது. வாவியின் சேற்றடுக்குகளுக்கும் அத்தகைய காவல் வேண்டும். கண்டற்காட்டைக் காத்தலும், களப்போரத்தை உலரவிடாது பேணலும், அவ்வடுக்குகளைத் துளைத்தெடுத்துக் கற்கும் மாணவரை ஆயத்தஞ் செய்தலும் இனிவரும் வரலாற்றுப் பணியின் பகுதிகளாம்.