கூட்டத்தைச் சுருக்கப் பிறந்த புத்தகம்

1913 டிசம்பர் 23. மத்திய வங்கி அமைப்பதற்கான சட்டத்தில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்டார். அந்த வங்கியை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. நியூயார்க்கில் வைத்தால் வால் ஸ்ட்ரீட் பணக்காரர்களின் சட்டைப்பைக்குள் போய்விடும் என்று மேற்கு மாநில விவசாயிகள் அஞ்சினார்கள். வாஷிங்டனில் வைத்தால் அரசியல்வாதிகள் புகுந்துவிடுவார்கள் என்று வங்கியாளர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவரையொருவர் நம்பாதவர்கள் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: ஒன்று வேண்டாம், வட்டாரத்துக்கு ஒன்றாகப் பல இருக்கட்டும். நிதி அமைச்சர் வில்லியம் மெக்காடூவும் வேளாண் அமைச்சர் டேவிட் ஹூஸ்டனும் ரயிலேறி 18 நகரங்களில் கருத்துக் கேட்டார்கள். 37 நகரங்கள் எனக்கு, உனக்கு என்று வரிந்துகட்டின. 1914 ஏப்ரலில் 12 நகரங்களுக்கு யோகம் அடித்தது. மிசௌரி மாநிலத்துக்கு மட்டும் செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி என்று இரண்டு! பால்டிமோரும் நியூ ஆர்லியன்ஸும் கொதித்துப் போயின. அந்தச் சண்டை ஒருவழியாக ஓய்ந்தது. 12 வங்கிகளின் தலைவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசத் தொடங்கியபோது வேறொரு தலைவலி ஆரம்பமானது.

நாட்டின் பணக்கொள்கையைத் தீர்மானிக்கும் குழு 1930களில் உருவானது. 1951 முதல் 1970 வரை ஃபெடரல் ரிசர்வ் என்ற அந்த மத்திய வங்கி அமைப்புக்குத் தலைவராக இருந்த வில்லியம் மெக்செஸ்னி மார்ட்டின், எல்லாரையும் பேசவிட்டுக் கேட்கும் மனிதர். அவர் காலத்துக் கூட்டங்களில் ஒவ்வொரு வட்டார வங்கித் தலைவரும் தன் ஊர் நிலவரத்தை வாய்மொழியாக விவரித்தார். ஒருவருக்குக் கோதுமையும் மாடும், இன்னொருவருக்கு எஃகு ஆலை, வேறொருவருக்கு எண்ணெய்க் கிணறு. தலைநகரத்தில் அடைந்து கிடப்பவர்களுக்கு ஊர்நாட்டுச் சேதி போய்ச்சேர இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் 12 பேரும் பேசி முடிப்பதற்குள் வட்டியைப் பற்றி விவாதிக்க வேண்டிய நேரம் கரைந்துவிடும். 1970 பிப்ரவரியில் அந்த மேசையின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தவர், வாயில் புகைக்குழாயோடு திரிந்த ஒரு பேராசிரியர்.

ஆர்தர் பர்ன்ஸ் புள்ளிவிவரத்திலேயே ஊறியவர். வெஸ்லி மிட்செலோடு சேர்ந்து, வணிகச் சுழற்சிகளை அளப்பது எப்படி என்று 1946இல் ஒரு தடித்த நூலை எழுதியவர். வட்டாரக் கதைகள் கூட்டத்தைத் தின்பதைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்: வாயால் சொல்வதை எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும், கூட்டத்துக்கு முன்பே எல்லாரும் படித்துவிடலாம். 1970 மே மாதம் முதல் தொகுப்பு வந்தது. அட்டை சிவப்பு. அதனால் உள்வட்டாரத்தில் அதற்குச் சிவப்புப் புத்தகம் என்றே பெயர். எண்களையே நம்பி வாழ்ந்த மனிதரின் கையால், எண்களே அதிகம் இல்லாத ஒரு புத்தகம் பிறந்துவிட்டது!

அதைத் தயாரித்த விதம் இன்றைக்கும் ஆச்சரியம்தான். வட்டார வங்கியின் ஆய்வாளர்கள் கடைக்காரர், கார் வியாபாரி, லாரி கம்பெனிக்காரர், ஓட்டல் முதலாளி, பண்ணையார் என்று ஆள் ஆளாக விசாரித்தார்கள். சரக்கு போகிறதா, வேலைக்கு ஆள் கிடைக்கிறதா, விலையை ஏற்ற முடிகிறதா என்று கேட்டார்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது. எழுதுவதும் பாடப்புத்தக நடையில் இல்லை. சமன்பாடு, வரைபடம் எதுவும் கிடையாது. முடிவெடுக்க வேண்டியவர் ஒரு மூச்சில் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். 12 அறிக்கைகளுக்கும் சேர்த்து ஒரு தேசியச் சுருக்கம் எழுதும் வேலை வங்கிகளுக்குள் முறைவைத்துச் சுற்றியது. அப்படியும் குழுவுக்குள் சிவப்புப் புத்தகத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. ஊழியர்களின் பொருளாதாரக் கணிப்பு பச்சைப் புத்தகத்தில் இருந்தது. கொள்கையில் என்னென்ன செய்யலாம் என்பது நீலப் புத்தகத்தில் இருந்தது. கனமான சங்கதிகள் அவைதான். சிவப்பு, இலை ஓரத்துக் கறிவேப்பிலை. அது அப்படியே ஒதுங்கிக் கிடந்திருக்கும், வெளியே ஒரு புயல் கிளம்பாமல் இருந்திருந்தால்.

1979இல் பால் வோல்க்கர் தலைவரானார். விலைவாசியை அடக்க அவர் கையாண்ட வைத்தியம் கடுமையானது. 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது. கட்டிய வீடுகளை விற்க முடியாத கட்டுமானக்காரர்கள் மரச்சட்டத் துண்டுகளைத் தபாலில் வோல்க்கருக்கே அனுப்பிவைத்தார்கள். விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து தலைமையகத்தை மறித்தார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னதான் பேசுகிறார்கள் என்ற கேள்வி நாடாளுமன்றத்தையும் எட்டியது. அதைக் கையில் எடுத்தவர், அவையில் ஓட்டுரிமைகூட இல்லாத ஓர் உறுப்பினர்.

வால்டர் ஃபான்ட்ராய் ஒரு பாதிரியார். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர். வாஷிங்டன் நகரத்தின் பிரதிநிதியாகக் கீழவையில் உட்கார்ந்திருந்தார். மாநில அந்தஸ்து இல்லாத நகரம் என்பதால் சட்டங்கள்மீது வாக்களிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பணக்கொள்கையைக் கவனிக்கும் துணைக்குழுவின் தலைமை அவரிடம் இருந்தது. 1983இல் அவருடைய கோரிக்கையை ஏற்று, அதுவரை உள்ளுக்குள்ளேயே சுற்றிவந்த வட்டார அறிக்கை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பச்சையும் நீலமும் ரகசியமாகவே இருந்தன. சிவப்பை வெளியே விடுவதில் பெரிய ஆபத்து இல்லை. அதில் கணிப்பு இல்லை, திட்டம் இல்லை, அதிகாரிகளின் கருத்தும் இல்லை. வெளியே வந்தபோது ஒன்று மட்டும் மாறியது: அட்டையின் நிறம். கண்ணை உறுத்தும் சிவப்பு போய், வெளிறிய பழுப்பு வந்தது. பங்குச் சந்தைக்காரர்கள் இன்று நாள் பார்த்துக் காத்திருக்கும் ‘பீஜ் புக்’ பிறந்த கதை இதுதான்.

அதற்குப் பிறகு நிலைமை தலைகீழானது. ஒதுக்கி வைத்ததை ஊரே படித்தது. டல்லாஸ் வங்கி ஆய்வாளர்கள் வருணனைகளுக்கு மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மதிப்பெண் போட்டு, நடப்புக் காலாண்டின் வளர்ச்சியையும் அடுத்த காலாண்டின் வளர்ச்சியையும் கணிக்க அது உதவுகிறது என்றார்கள். மினியாபொலிஸ் வங்கிக்காரர்கள் 1999இல் இதற்கு மாறாகச் சொன்னார்கள்: நடப்பதை நன்றாகக் காட்டுகிறது, வருவதைச் சொல்வதில் தனியார் கணிப்புகளைத் தாண்டி எதுவும் தரவில்லை. இரண்டுமே அந்தப் புத்தகத்தைத் தயாரிக்கும் வங்கிகள் என்பதுதான் வேடிக்கை. பச்சையும் நீலமும் 2010இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. பழுப்பு தனியாகவே நின்றது. 2023 ஜூலை இதழில், பிலடெல்பியா ஓட்டல்களுக்குப் பெருந்தொற்றுக்குப் பிறகு மே மாதம்தான் மிக நல்ல வருமானம், காரணம் டெய்லர் ஸ்விஃப்டின் கச்சேரிகள் என்று ஒருவர் சொன்னது அப்படியே பதிவானது. உலகச் செய்தியாகவும் ஓடியது.

உண்மையான சோதனை 2025 அக்டோபரில் வந்தது. நிதி ஒதுக்கீட்டுச் சண்டையில் அமெரிக்க அரசு 43 நாள் முடங்கியது. வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் தள்ளிப்போனது. அந்த மாதத்தின் வேலையின்மை விகிதம் கடைசிவரை வெளியாகவே இல்லை. ஃபெடரல் ரிசர்வ் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பு என்பதால், பீஜ் புக் மட்டும் அக்டோபர் 15 அன்று சொன்ன தேதியில் வந்தது. அரசின் எண்கள் வராத அந்த வாரங்களில் பொருளாதார நிபுணர்கள் கடைக்காரர்களும் லாரிக்காரர்களும் சொன்னதைத்தான் வரி வரியாகப் படித்தார்கள்.

ஆண்டுக்கு 8 முறை, குழுக் கூட்டத்துக்குச் சுமார் 2 வாரம் முன்னதாக, புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வாஷிங்டனில் பீஜ் புக் வெளியாகிறது. நம் ஊர்க் கடிகாரத்தில் அப்போது இரவு 11.30, அங்கே குளிர்காலம் என்றால் 12.30. படிக்கக் காசு எதுவும் கிடையாது.