வந்தாறுமூலையில் முஸ்லிம் மாணவர்: பக்கத்து ஊர், தூரத்து வளாகம்

ஏறாவூரிலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போக அதிக நேரம் எடுக்காது. செங்கலடிச் சந்தியைக் கடந்தால் வந்தாறுமூலை வந்துவிடும். ஆனால் ஒரு முஸ்லிம் குடும்பம் தன் மகளை அங்குள்ள விடுதியில் விடலாமா என்று யோசிக்கும்போது அந்தத் தூரத்தை யாரும் கிலோமீற்றரில் அளப்பதில்லை. உம்மாவுக்கு ஒரு கணக்கு, வாப்பாவுக்கு வேறொரு கணக்கு. இரண்டிலும் 1990 வந்துபோகும்.

பல்கலைக்கழகத்தின் வரலாறு இதைவிட நல்லபடியாகத்தான் தொடங்கியது. 1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில், விஞ்ஞானம், விவசாயம் ஆகிய இரு பீடங்களோடு அது ஆரம்பமானது. 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. கிழக்கின் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேராதனைக்கோ கொழும்புக்கோ போகாமல் தம் மண்ணிலேயே பட்டம் பெற வழி பிறந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் அதை மறுத்தாலும் உயிர் தப்பியோரின் சாட்சியங்கள் அவர்களையே சுட்டின. அடுத்த வாரமே ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே நாட்களில் வீரமுனையில், கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவல் படையினருக்குப் பங்கிருந்ததாக உறவுகள் இன்றும் சொல்கின்றன. செப்டெம்பர் 5 ஆம் திகதி இராணுவம் வந்தாறுமூலை வளாகத்துக்குள் நுழைந்தது. அங்கே அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரைப் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பி வரவில்லை.

காத்தான்குடிக்கும் வந்தாறுமூலைக்கும் இடையே 33 நாட்கள். ஒவ்வோர் ஆண்டும் இரு தரப்பும் தத்தம் நாளைத் தனித்தனியே நினைவுகூருகின்றன. தமிழருக்கு அந்த வளாகம் பிள்ளைகளைப் பறிகொடுத்த இடம். முஸ்லிம்களுக்கு அது போகப் பயந்த இடம். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்வதால் மற்றது சிறுத்துப் போவதில்லை.

போய்ப் படிக்க முடியாத நிலைக்குக் கிடைத்த பதில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். வடக்கு, கிழக்கில் இருந்த பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர முடியாமற் போன முஸ்லிம் மாணவரின் நிலை அதன் தோற்றத்துக்கு முக்கிய காரணம். அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாகி, இன்று ஒலுவிலில் நிலைகொண்டிருக்கிறது. அது தேவைப்பட்ட ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு விளைவு உண்டு: ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்து சண்டை பிடித்து, பிறகு குறிப்புக் கொப்பி மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய ஒரு தலைமுறை, இரண்டு வளாகங்களில் தனித்தனியே வளர்ந்தது.

இன்று முஸ்லிம் மாணவர் வந்தாறுமூலையில் படிக்கிறார்கள். அனுமதி இசட் புள்ளிப்படி நடக்கிறது. நாடளாவிய திறமைக்கு 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்பது பெரும்பாலான துறைகளுக்கான விதி. ஆகவே காத்தான்குடி, ஓட்டமாவடி பிள்ளைகளோடு புத்தளம், கண்டி, பேருவளைப் பிள்ளைகளும் வரலாம். அனுமதிக் கடிதம் கதவைத் திறக்கும். உள்ளே போன பிறகு ஒரு மாணவி தன்னை விருந்தாளியாக உணர்கிறாளா, வீட்டுப் பிள்ளையாக உணர்கிறாளா என்பது வேறு பல விடயங்களில் தங்கியிருக்கிறது.

வெளிநாடுகளில் இந்த அனுபவம் பழையது. அமெரிக்காவில் முஸ்லிம் மாணவர் சங்கம் 1963 இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பிரித்தானியாவின் இஸ்லாமிய மாணவர் சங்கங்களின் சம்மேளனமும் அதே ஆண்டில் உருவானது. பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து படிக்கப் போனவர்கள், தொழ ஓர் அறையும் நோன்பு திறக்க ஒரு கூட்டமும் தேடி அமைத்தவை அவை. அந்த மாணவருக்கு மொழியும் ஊரும் அந்நியம். இங்கே நிலைமை வித்தியாசம். மட்டக்களப்பு முஸ்லிமின் தாய்மொழி தமிழ். வாவிக்கரையின் இரு சமூகங்களிலும் தாய்வழிக் குடிமுறை உண்டு. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இரு பக்கமும் உண்டு. தெரியாதவரோடு பழகும் சிரமம் இங்கே இல்லை. மிக நன்றாகத் தெரிந்தவரோடு, நடந்ததை வைத்துக்கொண்டு பழகும் சிரமம்தான் இருக்கிறது. அது கூடக் கடினம்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலானவை சின்ன விடயங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் விரிவுரையோ ஆய்வுகூடமோ வைக்காமல் விடுவது. வுழூச் செய்யத் தண்ணீர்க் குழாயோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தொழுகை இடம். நோன்பு மாதத்தில் விடுதிச் சமையலறை சஹருக்குத் திறந்திருப்பது. சிற்றுண்டிச்சாலையில் இறைச்சி ஹலாலா என்று மாணவர் ஒவ்வொரு நாளும் கேட்கத் தேவையில்லாமல் அதை எழுதிப் போடுவது. சந்திரக் கணக்கில் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், பரீட்சையை எந்த மாதத்தில் வைத்தாலும் என்றோ ஒரு தொகுதி மாணவர் நோன்போடு எழுதத்தான் போகிறார்கள். பிற்பகல் தாளைக் காலைக்கு மாற்றுவதற்குச் செலவில்லை. நேர அட்டவணை போடுபவர் நாட்காட்டியைப் பார்த்தால் போதும்.

உடை பற்றிய பிரச்சினை இதைவிடக் கூர்மையானது. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அதன்பின் அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டது முகத்தை மூடும் உடை மட்டுமே. ஆனால் தலையை மறைத்த பெண்ணையும் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 2024 இல் திருகோணமலை சாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சையின்போது காதுகளை மறைத்திருந்தார்கள் என்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டுப் பின்னரே வெளியிடப்பட்டன. பல்கலைக்கழக வாசலுக்கு வரும் பிள்ளை அந்தச் செய்தியை மறந்துவிட்டு வருவதில்லை. பரீட்சை மண்டபத்தில் அடையாளம் பார்க்க ஒரு பெண் மேற்பார்வையாளர் இருந்தால் இந்தப் பிரச்சினையில் பாதி இல்லாமற் போகும்.

பகிடிவதையையும் இங்கே சொல்ல வேண்டும். புதிய மாணவர் என்ன உடுக்க வேண்டும், எப்படித் தலைவார வேண்டும் என்று சிரேஷ்ட மாணவர் விதிக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதல்ல. இது பொதுவான கொடுமை. ஆனால் தலைத்துணியைக் கழற்றச் சொல்வது ஒரு முஸ்லிம் பிள்ளைக்குப் பகிடியாகத் தெரியாது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்குகிறது. சட்டத்துக்கு முன்னரே, அதே இனப் பிள்ளையோ வேறு இனப் பிள்ளையோ, தடுக்கக்கூடியவர் பக்கத்து அறையில் இருக்கும் இரண்டாம் வருட மாணவர்தான்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க நீண்ட விரிவுரை தேவையில்லை. போர்க்காலத்தில் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த ஒருவரை உங்கள் குடும்பத்திலேயே கேளுங்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் சோதனைச் சாவடியில் மாறும் முகம். குண்டு வெடித்த மறுநாள் வகுப்பில் விழும் மௌனம். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் தானே பின்வரிசைக்குப் போய் உட்காரும் பழக்கம். 2019 மே மாதத்தில் முஸ்லிம் மாணவர் பலர் அந்தப் பின்வரிசையில்தான் இருந்தார்கள்.

மறுபக்கமும் ஓர் உதாரணம் உண்டு. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றித் தமிழில் மிகவும் அறியப்பட்ட கவிதையான ‘புத்தரின் படுகொலை’யை எழுதிய எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடியில் பிறந்த முஸ்லிம். அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். அந்த இழப்பைத் தன் இழப்பாக எழுத அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளின் பின், 1990 ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள்.

செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலையில் விளக்கேற்றும் தமிழ் மாணவர், ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிக்கு ஒரு பஸ்ஸில் போய் வரலாம். அங்கிருந்து படிக்க வரும் மாணவர் செப்டெம்பரில் விளக்கின் பக்கத்தில் வந்து நிற்கலாம். நிர்வாகத்தின் அனுமதி இதற்குத் தேவையில்லை. முதலில் யார் கேட்பது என்பதுதான் இழுபறி. எண்ணிக்கையில் கூடிய பக்கம் கேட்பது எளிது; வந்தாறுமூலையைச் சுற்றியுள்ள ஊர்களில் அது நாம்.