ஒகேனக்கல் தண்ணீர் வருமுன்

உடம்பெல்லாம் வலி என்பவரிடம் எல்லாம் மனப்பிரமை என்று சொல்லிவிடும் வழக்கத்துக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிணறுகளே மறுப்பு. அந்தக் கிணற்று நீரில் பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் எலும்பு தடிக்கும்; முற்றினால் முதுகுத்தண்டில் நரம்பை நெருக்கும். சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயை ஷார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1937-இலேயே விவரித்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை எழுபதுகளிலேயே வந்தது. கிணற்று நீருக்கு மாற்றான ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது 2013-இல்தான்! அதே ஆண்டு பாஸ்டனில் ஓக்லாண்டர் என்ற ஆய்வாளரின் குழு, உடம்பெங்கும் நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 27 பேரின் தோலைச் சோதித்த முடிவை வெளியிட்டது. 41 சதவீதத்தினரிடம் நுண்நரம்பிழைகள் குறைந்திருந்தன. மற்றவர்களுக்கு ஏன் வலி என்ற ஆட்சேபம் நியாயமானதே. நரம்பிழப்பு காரணமா விளைவா என்பதும் தீரவில்லை. ஆனால் அந்தச் சோதனை காட்டுவது, ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருப்பதை. வலி பொய் என்பதை அல்ல. ஓசூர் ஆலைத் தொழிலாளி உடம்பு நோகிறது என்றால், அவர் குடித்து வளர்ந்த தண்ணீரையும் நுண்நரம்பிழைகளைக் கெடுக்கக்கூடிய இரத்தச் சர்க்கரையையும் முதலில் விசாரிக்க வேண்டும்.